ஜானகி பாதியில் நிறுத்திய கணக்கு

இரண்டாவது நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ராமசாமியின் முந்திரித் தோப்பும் போனது. பதிலுக்கு வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அந்த வீட்டில் வேலைக்குப் போகும் வயதில் இரண்டு பேர். மூத்தவள் ஜானகி, கடலூருக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். இளையவன் கொளஞ்சிநாதன், பிளஸ் டூவைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். ராமசாமி மகன் பெயரைக் கொடுத்தார்.

"நான் படிச்சிருக்கேனே, நைனா," என்றாள் ஜானகி.

"நீ இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவ. சம்பளமும் அங்கதான போவும்?"

"பரீட்ச வச்சிருக்காங்களாமே. தம்பி தேறலன்னா?"

"அப்பப் பாத்துக்கலாம், போ."

பேச்சை முடிக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் இடம் இருந்தது. அதற்குத்தான் பரீட்சை. தம்பிக்குச் சொல்லித்தரும் வேலை ஜானகியின் தலையில் விழுந்தது. அமிலம், காரம் எல்லாம் முடிந்து வேதி வாய்பாட்டுக் கணக்குக்கு வந்தார்கள். ஒரு சேர்மத்தில் கார்பன் நாற்பது சதவீதம், ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் வகுக்க வேண்டும். வந்தவற்றை அவற்றில் சிறியதால் வகுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, ஒன்று. CH₂O. இது எளிய விகித வாய்பாடு.

கணக்கு இதோடு முடியாது என்று ஜானகிக்குத் தெரியும். அணுக்கள் என்ன விகிதத்தில் சேர்ந்தன என்பதை மட்டுமே இது சொல்லும். ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்று தெரிய மூலக்கூறு எடை வேண்டும். எடை அறுபது என்றால், CH₂O முப்பது, ஆகவே இரு மடங்கு: C₂H₄O₂, வினிகரில் இருக்கும் அமிலம். எடை நூற்றெண்பது என்றால் அதே விகிதம் குளுக்கோஸ் ஆகிவிடும்.

CH₂O வந்ததுமே கொளஞ்சி பேனாவை மூடினான். "அவ்ளோதானாக்கா?"

ஜானகி நோட்டை மூடினாள். "அவ்ளோதான்."

பரீட்சையில் கொளஞ்சி தேறவில்லை; ஆய்வுக்கூட இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஆனால் நிலத்துக்கான வேலை பரீட்சையைப் பொறுத்தது இல்லை. தேறினால் ஆய்வுக்கூடம், தேறாவிட்டால் சுரங்கம். இதை அப்பாவும் விசாரிக்கவில்லை, மகளும் விசாரிக்கவில்லை. கொளஞ்சியை மூன்று ஷிப்டும் மாறிமாறி வரும் கன்வேயர் பெல்ட் வேலையில் போட்டார்கள்.

"பர்மனன்ட்டுதான? எங்க இருந்தா என்னா," என்றார் ராமசாமி.

முதல் ஷிப்ட் முடிந்து வந்தவனின் இமைவரை கரித்தூள். இருமிக்கொண்டே சோற்றைப் பிசைந்தான்.

"நீ போட்ட கணக்கேதாங்க்கா கேட்டிருந்தான். கடைசில மூலக்கூறு எட அறுபதுன்னு குடுத்திருந்தான். புரியல, வுட்டுட்டு வந்துட்டேன். எதுக்கு அது?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு வாய்ச் சோற்று நேரம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா? முன்னியே சொல்லியிருந்தா லேபுல ஃபேன் காத்துல குந்திகினு இருப்பேனே."

"மறந்துட்டேன்டா."

"பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு மறந்துடுச்சாம்," என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கொஞ்சம் ரசம் ஊத்து."

ஊற்றினாள்.

அந்த ஆவணியில் திருவதிகையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மளிகைக்கடை. பெண் படித்தவளாமே, கல்லாவில் உட்கார ஆகும் என்றார் மாமனார் ஆகப்போகிறவர். ஜானகியைக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.