உள்ளே போகாமல் திரும்பிய வீடு

திருச்செங்கோட்டு ருக்மணி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தேன். போனில் கோகிலா. அக்காவின் தம்பி மகள். "அத்தை காலையில தவறிட்டாங்கண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தேன். அக்காவின் நினைவாக, அவரைத் தெரிந்தவர்கள் படிக்கப்போகும் இந்தப் பக்கத்தில் அப்படிப் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை.

உங்களில் பலருக்கு அவர் ரவிக்கை தைக்கிற ருக்மணி. ஒருமுறை அளவெடுத்தால் போதும், எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். இரண்டு வருடம் கழித்துப் போனாலும் "கொஞ்சம் உடம்பு வெச்சிருக்கீங்க, அரை இஞ்சு கூட்டிக்கறேன்" என்பார். எனக்கு அவர் வேறு வழியில் பழக்கம். பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்காகச் சேலம், நாமக்கல் பக்கம் வீடு வீடாகப் போகிறவன் நான். மறதி நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களைப் பார்த்து, விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, ரத்தமும் தோலும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அக்காவின் அம்மா நாற்பத்தைந்து வயதில் சொந்தத் தெருவில் வழி தெரியாமல் நின்றவர். அதைப் பார்த்து வளர்ந்த அக்கா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார். அடுத்தது தம்பி பழனிசாமி. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு இருந்தவர். வடக்கே ஏதோ ஊரில் குழிக்குள் எத்தனை பைப் இறங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைத் தவறவிட்டார். குடித்துவிட்டு வேலை செய்கிறான் என்று முதலாளி திட்டி அனுப்பிவிட்டார். அவர் குடிப்பவரே இல்லை.

முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மிஷினை நிறுத்திவிட்டு அக்கா எழுந்து வந்தார். "ஏஞ்சாமி, வாசல்லயே நின்னு பேசறதுக்கு நீங்க என்ன எழவு சொல்லவா வந்திருக்கீங்க? ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க" என்றார். சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் வீட்டுக்குள் வருவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் அதைச் சொல்ல நேர்ந்ததில்லை.

ஒருவர் கையிலிருந்து உளுந்தளவு தோலை எடுத்து, அதிலுள்ள செல்களை எதுவாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், பிறகு அவற்றை மூளைச் செல்களாக வளர்ப்பதைப் பற்றி அச்சடித்த தாள்களை வைத்துக்கொண்டு நீட்டி முழக்கினேன். உயிரோடு இருக்கிறவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெச்ச ரவிக்கையப் பிரிச்சுத் துணியாக்கி, அந்தத் துணியில வேற ஒன்னு தெக்கறீங்க. அவ்வளவுதானுங்க?" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் எல்லா வீட்டிலும் அக்காவின் வார்த்தையைத்தான் சொல்லி வருகிறேன், யார் சொன்னது என்று சொல்லாமல்.

தம்பியின் தோல் மட்டும் போதாதா, தன்னுடையது எதற்கு என்றும் கேட்டார். ஒரே குடும்பத்தில் அந்த மரபணுக் கோளாறு உள்ளவரின் செல்லையும் இல்லாதவரின் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழுது எங்கே தொடங்குகிறது என்று புரியும் என்றேன். "அளவு ரவிக்கை மாதிரி" என்று தலையாட்டினார். பிறகு ஊசியில் நூல் கோத்தபடியே, "நான் பழுதுங்களா, அளவுங்களா?" என்றார். இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு, தெரிந்துகொள்ள விரும்பினால் அதற்குத் தனியாக ஆலோசகர் இருக்கிறார், மருத்துவமனையில் தனிப் பரிசோதனை உண்டு என்று சொல்லிப் படிவத்தை நீட்டினேன். 'தெரிய வேண்டாம்' என்ற கட்டத்தில் அக்கா குறியிட்டார். நான் கேட்காமலே காரணமும் சொன்னார். "கூடப் பொறந்தவன் இப்படிக் கெடக்கறப்ப எனக்கில்லைன்னு தெரிஞ்சுதுன்னா, அவனுக்குச் சோறூட்டற கை கூசுமுங்க."

ஒன்றரை வருடம் கழித்துப் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டு படங்கள். இடப்பக்கம் பழனிசாமியின் செல்கள், கிளைகள் சுருங்கி அங்கங்கே முடிச்சு விழுந்து. வலப்பக்கம் கிளை கிளையாக நீண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை. அதன் கீழே ஓர் எண்ணும், 'கோளாறு இல்லாத உறவினர்' என்ற குறிப்பும். அறையில் இருந்தவர்களுக்கு அது வெறும் எண். அக்காவின் குப்பியில் அந்த எண்ணை எழுதி ஒட்டியவன் நான். அக்காவுக்கு நோய் வராது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சொல்லக் கூடாது என்பது விதி. ஆராய்ச்சிக் கூடத்தில் தெரியவந்ததை வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. அதிலும் அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். இதில் நான் தவறு செய்யவில்லை. என் தவறு வேறு. என் முகம் எதையும் மறைக்காது என்று என் மனைவி சொல்வதுண்டு. அந்தப் பயத்தில் அக்கா வீட்டுக்குள் போவதையே விட்டுவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவுத்திறன் சோதனைக்குப் போகும்போது உடன் வரும் நர்ஸை உள்ளே அனுப்பிவிட்டு நான் கேட்டுக்கு வெளியே போனை நோண்டிக்கொண்டு நின்றேன். முதல் தடவை அக்கா வாசல்வரை வந்தார். "ஏனுங்க சாமி, உள்ள வரலீங்களா?" அவசர வேலை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரிங்க" என்று திரும்பிப் போனார். அடுத்த தடவையிலிருந்து அவர் கூப்பிடவில்லை. கோபம் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

படிவத்தில் போட்ட குறியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இடையில் தம்பி பழனிசாமி இறந்துபோனார்; அதற்குப் பிறகாவது, இப்போது தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஆலோசகரை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. விதி என் வாயைத்தான் கட்டியிருந்தது, காலைக் கட்டவில்லை. அக்கா தன் ஸ்கூட்டரை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போகிறார் என்று நர்ஸ் ஒருநாள் சொன்னார். பெட்ரோல் விற்கிற விலைக்கு நல்ல யோசனைதான் என்று பதில் சொன்னேன். இவ்வளவு மக்காக ஒருவன் இருக்க முடியுமா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். அன்று உள்ளே போனேன். கோகிலா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒன்றையும் எழுதி வைக்காத அக்கா ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகத் தோள், கை, சுற்றளவு என்று எழுதியிருந்தார். கேஸ் சிலிண்டரை மூடும் விதம். வீட்டுக்கு வரும் பஸ்ஸின் நம்பர். கோகிலாவின் போன் நம்பர், நான்கு இடங்களில். முதல் பக்கத்தின் தேதி, அவசர வேலை என்று சொல்லி நான் உள்ளே வராமல் நின்ற நாளுக்கு மறுநாள்.

"உங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுச்சுண்ணா அத்தை" என்றாள் கோகிலா. "எழவு சொல்ல வந்தவங்கதான் வாசலோட நிப்பாங்கன்னு சொல்லுச்சு. அத்தைக்கு நெசமாலுமே அந்த நோவு இருந்துச்சுங்களா?"

கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். பெங்களூரில் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசி, அனுமதி வாங்கிக்கொண்டு, மறு வாரம் போய்ச் சொன்னேன். அக்காவுக்கு அந்தக் கோளாறு இல்லவே இல்லை. கோகிலா அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் மிஷின் மேல் கிடந்த துணியை மடித்து வைத்தாள். "மூணு வருசமுங்கண்ணா" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அக்கா அந்த மூன்று வருடமும் ஒவ்வொரு காலையிலும் எழுந்ததும் எதையெல்லாம் மறந்துவிட்டோம் என்று தன்னைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். சோதனைக்குப் போன நர்ஸ் எல்லாம் சரியாகச் சொன்னீர்கள் என்றால், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறார்.

இதையெல்லாம் கோகிலாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அத்தையைத் தெரிந்தவர்களுக்கு உண்மை தெரியட்டும் என்றாள். அப்பா பழனிசாமிக்கு இருந்ததால் அவளுக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "பாத்தாலும் பாக்காட்டியும், நீங்க உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அக்காவின் செல்கள் பெங்களூரில் உறைநிலையில் இருக்கின்றன. இன்றும் எந்தப் பழுதைப் பார்ப்பதானாலும் அக்காவுடையதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அவை ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சொந்தம். என்னிடம் இருப்பது அந்த நோட்டின் கடைசிப் பக்கம். கோகிலா கிழித்துக் கொடுத்தாள். அதில் இப்படி இருக்கிறது: "சேலத்துத் தம்பி. டீக்குச் சக்கரை போடக் கூடாது. வாசல்ல நின்னா உள்ள கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். சொல்ல முடியாம நிக்குது, பாவம்."

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன வாரம் வாழப்பாடிப் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடும்முன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை நிறையப் போட்டிருந்தார்கள். குடித்தேன்.