கிணற்றடியில் நின்றவள்

கோட்டாற்றில் எங்கள் கலாமண்டபம் முதலில் நெல் போட்டுவைக்கும் கிட்டங்கியாக இருந்தது. வியாபாரம் நொடித்தபின் நாலைந்து வக்கீல்களும் வாத்தியார்களும் சேர்ந்து அதில் ஒரு மேடை கட்டினார்கள். சனிக்கிழமைதோறும் பிரசங்கமோ கச்சேரியோ நாடகமோ நடக்கும். நான் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்து மேடையில் தொங்கிய படுதாக்கள் எல்லாம் என் கைவேலை. அரண்மனை, தெரு, காடு. நாடகத்தில் காட்டுப் படுதா இறங்கும்போது ஜனங்கள் கைதட்டுவார்கள். நான் கடைசி வரிசையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஹைஸ்கூலுக்கு ஒரு புதிய டிராயிங் மாஸ்டர் வந்தார். திருவனந்தபுரத்தில் படம் வரையப் படித்தவர். என்னைவிட வயதில் சின்னவர், எப்போதும் வெள்ளை ஜிப்பா. வந்த சில வாரங்களிலேயே மண்டபத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் என் காட்டுப் படுதா தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே அவர் திரும்பி அதைக் காட்டினார்.

"இதையே பாருங்கள். மரத்தின் நிழல் இந்தப் பக்கம் விழுகிறது. மானின் நிழல் அந்தப் பக்கம். இந்தக் காட்டுக்கு எத்தனை சூரியன்?"

கூட்டம் சிரித்தது. அத்தனை வருஷம் கைதட்டிய அதே கூட்டம். எழுதியது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்; பேச்சு முடிந்ததும் அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாமல் சொல்லிவிட்டேன், அண்ணாச்சி. வர்ணம் பிரமாதம்."

சிரித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பிரமாதம்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவர் சொன்னது சரி என்பது வீட்டுக்குப் போகிற வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு புளியமரமாக நின்று நிழலைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். படம் வரையும் துணிக்குப் பூச வஜ்ஜிரப் பசை வேண்டுமாம், கடையில் கிடைப்பது நன்றாக இல்லையாம். முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே எடுக்கப் போனேன். டப்பாவைத் தேடக் கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பி வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாசியில் மண்டபத்தில் சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். ஆணி அடித்துப் படம் மாட்டுகிற பொறுப்பு எனக்கு. நானும் இரண்டு படம் கொடுத்திருந்தேன், ஒன்று லட்சுமி. மாஸ்டரின் படங்கள் பழைய வேட்டியில் சுற்றி வந்திருந்தன. மூன்றாவதைப் பிரித்ததும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு கிணறு. நண்பகல் வெயில். தண்ணீர் இறைத்துவிட்டு ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். கயிறு தோளில் கிடக்கிறது. ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் புறங்காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அப்படித்தான் நிற்பாள்.

கோபம் வந்தது. என் வீட்டு ஜன்னல் வழியாக என் பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறான். ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று வந்துவிட்டது. எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஈரச் சேலையில் வெயில் பட்ட இடம் பட்டபடியே இருந்தது. அத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அதை வரையத் தோன்றவில்லை.

சத்தம் போடலாம் என்றால், அது யார் என்று ஊருக்கு நானே சொன்னதாகிவிடும். வெளிச்சம் விழுகிற சுவரில் என் லட்சுமியை மாட்டி, கிணற்றடிப் படத்தைத் தூணுக்குப் பின்னால் மாட்டினேன். காரியதரிசி வக்கீல் வந்து பார்த்தார்.

"என்னவேய் இது, நல்ல படத்தக் கொண்டு இருட்டுல வச்சிருக்கீரு? ரெண்டையும் மாத்தும்."

மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். படங்களுக்குக் காவலாக நான் மட்டும் ஒரு ஓரத்தில் இருந்தேன். என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியோடு வந்தாள். லட்சுமிக்குக் கும்பிடு போட்டாள். கிணற்றடிப் படத்துக்கு முன்னால் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இதுல என்ன இருக்கு? ஒரு முதுகு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"முதுகுதான். ஆனா நல்லா இருக்கில்லியா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள். என் படுதா எதையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் மாஸ்டரைத் தனியே பிடித்தேன்.

"கெணத்தடியில நிக்குதது ஆரு, சார்?"

"யாருமில்லை, அண்ணாச்சி. எனக்கு வெயில்தான் வேண்டியிருந்தது. அது விழ ஒரு ஆள் வேண்டுமே."

பொய் சொன்னாரா, நிஜமாகவே அவருக்கு வெயில் மட்டும்தான் கண்ணில் பட்டதா? இரண்டில் எது நல்லது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. என் மனைவியைப் பார்த்தார் என்றால் ஒரு எரிச்சல். பார்க்காமலே அப்படி வரைந்தார் என்றால் அதைவிட எரிச்சல்.

கண்காட்சி முடிந்ததும் நானும் அவளை வரைய உட்கார்ந்தேன். கிணற்றடியில் நிற்கச் சொன்னேன்.

"அடுப்புல சோறு கெடக்கு. எவ்வளவு நேரமாக்கும் நிக்கது?" என்றாள். ஆனாலும் நின்றாள், போட்டோவுக்கு நிற்பதுபோல இரண்டு காலையும் ஊன்றி, விறைத்துக்கொண்டு. மூன்று படம் போட்டேன். என் கைக்குத் தெரிந்தது ஒரே முகம்தான். தாமரையும் கிரீடமும் இல்லாத லட்சுமியாக வந்து நின்றாள்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அம்மனாக்கும்? எந்தக் கோயிலுக்கு?"

கிழித்துப் போட்டேன்.

வருஷக் கடைசியில் மாஸ்டருக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றலாயிற்று. மண்டபத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். வழியனுப்பி வந்த எனக்குப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. சாப்பிட உட்கார்ந்தேன். அவள் குழம்பு ஊற்றினாள்.

"அந்தக் கெணத்தடிப் படத்தையும் கொண்டு போயிட்டாரா?"

"அவரு படம், அவரு கொண்டு போவாரு. ஒனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா தந்திருப்பாரு. நம்ம வீட்டுக் கெணறுதானே."

கிணறு என்றுதான் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் மோர்ச் செம்பை எடுக்க உள்ளே போய்விட்டாள். மறுநாள் மண்டபத்துக்குப் போய், காட்டுப் படுதாவை இறக்கச் சொல்லி, மானின் நிழலை மட்டும் திருத்தி எழுதினேன். யாரும் கவனிக்கவில்லை.