தக்கைக்குக் கீழே நடப்பது

கன்னியப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் சேக்காட்டில் என் வீட்டு மேசையில், எங்கள் பீம்தால் பயணப் பட்டியலின் முப்பத்தோராவது வரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளிக் காலுறை, ஆளுக்கு இரண்டு ஜோடி. தொலைபேசியில் அவர் மகன், "சார், அப்பா விடிகாலையில போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்கு போய் சேர்றதுக்குள்ள..." என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஆனால் துக்கம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் என் மனதில் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. 'இனிப் போக வேண்டியதில்லை.'

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். பட்டறை நண்பர்களான நீங்கள் அவரை அறிந்த அளவுக்கு என்னையும் அறிவீர்கள். இதை மறைத்துக்கொண்டு அவரைப் புகழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் கடைசல் இயந்திரத்தில் இருந்தார், நான் திட்டமிடும் பிரிவில் வரைபடத் தாளோடு இருந்தேன். மண்ணூர்பேட்டைதான் அவருக்குச் சொந்த ஊர். அவர் குடும்பத்து நிலத்தில்தான் நம் பட்டறையின் ஒரு பகுதி எழும்பியது. அதை அவர் ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. "எங்க நாத்தங்கால்ல குந்திகினு டிபன் துன்ற, ஒரு வடை குடுக்க மாட்டியா சார்?" என்பதோடு சரி.

ஓய்வு பெற்ற பிறகு மாலை வேளைகளில் அம்பத்தூர் ஏரிக்கரையில் அவர் தூண்டிலோடு உட்காருவார். நான் மடக்கு நாற்காலியில் பக்கத்தில் இருப்பேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, தூண்டில் நூலில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை அவர் தம் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு காணொளி: வடக்கே, குமாவுன் மலையில் பீம்தால் என்ற நன்னீர் ஏரி. படகின் ஓரத்தில் யாரோ ரொட்டித் துண்டைப் போட, ஆழத்திலிருந்து ஒரு பெரிய மீன் ஏறி வந்தது. அதன் செதில்களை எண்ணலாம் போலிருந்தது.

"பாத்தியா சார்? தண்ணி கண்ணாடி மாறி கீது. அம்பது வருசமா நான் தக்கையதான் பாத்துகினு கீறேன். அதுக்குக் கீழ இன்னா நடக்குதுன்னு ஒரு வாட்டி கூட பாத்ததில்ல. மீனு மொதல்ல மோந்து பாக்குதா, ஒதட்டால தொட்டுப் பாக்குதா, இல்ல ஒரே முழுங்கா முழுங்குதா? ஒரு தபா கண்ணால பாத்துட்டா போதும் சார்."

"பிடிச்ச மீனைத் திரும்ப ஏரியிலயே விட்டுடணுமாம், கன்னியப்பன்."

"நல்லதாப் போச்சு. எடுத்துகினு வந்தா தேவகி என்னை வாசல்லயே நிறுத்திடுவா."

திருப்பதியைத் தாண்டி நான் போனதில்லை. என்றாலும் சரி என்று தலையாட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைத் தள்ளிப்போட்டேன், திட்டம் போட்டேன். டெல்லிக்கு ஒரு ரயில், அங்கிருந்து காத்கோதாமுக்கு இன்னொன்று, பிறகு மலைப்பாதையில் டாக்சி. முதல் ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று தனித் தாள், மூச்சுத் திணறலுக்கு ஒரு தாள். "நீ பிளான் போட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ஏரி வத்திடும் சார்" என்றார். ஆனால் ஒவ்வொரு தாளையும் வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, வரி விடாமல் படிப்பார்.

ஒருநாள், குளிர்ந்த தண்ணீரில் மீன் இரை எடுக்காது என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னேன். அந்தச் சாக்கில் பயணத்தை ஒரு வருடம் தள்ளலாம் என்று உள்ளூர ஆசை. அவர் வாதாடவில்லை. ஒரு ஜிலேபிக் கெண்டையைப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, ஒரு வாரம் மாவுருண்டை போட்டுப் பழக்கினார். பிறகு வானகரம் மீன் சந்தையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தார். வெப்பமானி என்னுடையது. அவர் ஐஸை ஒவ்வொரு துண்டாகப் போட, நான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். இருபத்தெட்டு டிகிரியிலேயே மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

"பார்த்தீங்களா?" என்றேன். கொஞ்சம் மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பேன்.

கன்னியப்பன் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீ கொஞ்சம் அந்தாண்ட போய் குந்து."

வெப்பமானியை நூலில் கட்டி, எட்ட இருந்தே படிக்கும்படி தொட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டார். மறுபடியும் ஐஸ். இந்த முறை இருபது டிகிரி வரை அது மாவைத் தின்றது. என் தலை நிழல் விழாத வரையில் அதற்குப் பசி இருந்தது.

அப்போது அவர் சொன்னதை நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். "சந்தேகப்பட வேணாம்னு சொல்லல சார். தள்ளி நின்னு சந்தேகப்படு."

பீம்தால் ஏரிக்கரையில் படகு வைத்திருக்கும் ஒருவரின் எண் கிடைத்தபோதும் நான் உடனே அழைக்கவில்லை. ஆங்கிலத்தில் நான்கு முறை கடிதம் எழுதித் திருத்தினேன். கன்னியப்பன் கடிதத்தை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொழிற்பேட்டையில் வடக்கத்திப் பையன்களிடம் கற்ற இந்தியில் அந்த எண்ணுக்குப் பேசினார். முக்கால் மணி நேரம். பாதி புரிந்தது, மீதியைச் சிரித்துச் சமாளித்தார்.

"மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு பற்றிக் கேட்டீங்களா?"

"அத்த கேக்கல சார். அந்தாளு பொண்ணுக்கு தை மாசம் கல்யாணமாம்."

அனுமதிச் சீட்டுக்கு மறுநாள் மீண்டும் அவரே பேசினார். தீபாவளி முடிந்த வாரத்துக்கு இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்தோம். எடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மண்ணூர்பேட்டைக்குப் போனேன். அவர் சீட்டை ரத்து செய்துவிட்டேன் என்று அவர் மனைவி தேவகி அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். என் சீட்டைப் பற்றிப் பேசாமலே திரும்பிவிடலாம் என்றும் எண்ணியிருந்தேன். தேவகி அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"உன்னுதையும் கேன்சல் பண்ணிட்டியா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"பண்ணிடு. அவருதான் பைத்தியம் மாறி அலைஞ்சிகினு இருந்தாரு. நீ இன்னாத்துக்கு தனியா போய் கஷ்டப்படுற?"

மூன்று வருடமாக நான் எதிர்பார்த்திருந்த விடுதலை அது. யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த மீன் மோந்து பார்க்கிறதா, உதட்டால் தொட்டுப் பார்க்கிறதா? அவருடைய கேள்வியாகத்தான் அது இத்தனை நாள் இருந்தது. அவர் போன பிறகு அதைக் கேட்க இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். தூண்டிலை அவர் மகன் வைத்துக்கொண்டார், அதுதான் முறை. என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி மட்டும். பதில் தெரியாமல் அதை வைத்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

"நான் போறேம்மா" என்றேன். "பாத்துட்டு வந்து சொல்றேன்."

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான்."

"நல்லா கீதே! நான் மீனு துன்றத உட்டே பத்து வருசமாவுது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவருகே நின்று திரும்பினார்.

"சரி, வந்து சொல்லு. ஒண்ணு உடாம சொல்லணும்."