சோலார் பேனலுக்கு அடியில் ஒரு பழைய கூப்பாடு

இன்று உசிலம்பட்டிப் பக்கம் போயிருந்தேன். நான் ஓடித் திரிந்த காடு முழுக்க இப்போது சோலார் பேனல். சூரியனே முகம் பார்த்துத் தலைசீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளப்பு. அடியில் நிழலில் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

சும்மா இருப்பேனா? எண்பத்திரண்டில் இதே இடத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவரின் கூப்பாட்டை, எட்டு ஜில்லா ஆடும் மயங்கும் என் குரலில் எடுத்துவிட்டேன்.

"ஹேய்ய்... பா பா பா!"

ஒரு ஆடுகூட அசையவில்லை. மேய்த்தவர்தான் வெளிறிப்போய்த் திரும்பினார்.

"அண்ணே, அது எங்க அய்யா கூப்பாடு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தம்பி, இப்ப அப்படிக் கூப்புடுறதில்லையா?"

"விட்டுட்டோம்ணே. ஒருநா இங்க இருந்த கிணத்துப் பக்கமா அந்தக் குரல் கேட்டு, எங்க ஆடு அம்புட்டும் ஓடி உள்ள விழுந்துருச்சு. 'என் குரல்லயே முனி கூப்புட்டுச்சு'ன்னு அய்யா சாகுற வரைக்கும் சொன்னாரு."

அந்த முனிக்கு அப்போது பதினாறு வயது. விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டேன்.

"எங்கயோ கேட்டது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

மதுரையையே பேசிக் கவிழ்க்கும் வாய், வீடு வந்ததும் உங்களிடம்தான் யோசனை கேட்கிறது. திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவா, அவங்க அய்யாவின் முனியை அப்படியே விட்டுவிடவா? நீங்களே சொல்லுங்க மாப்ளைகளா.