மூன்று கரைக்கும் போன ஈ

செக்காலைப் பகுதியில் விசாலி ஆச்சியை நம்பவைப்பதைவிடக் கோயில் யானையை ஆட்டோவில் ஏற்றுவது சுலபம். பால் பாக்கெட்டில் தேதி இருந்தால், அது எந்த வருஷத்துத் தேதி என்பாள். கணவர் மெய்யநாதன் தூங்கினால், நிஜமாகத்தான் தூங்குகிறாரா என்று குனிந்து பார்ப்பாளாம். நானே நேரில் பார்த்ததாகத்தான் சொல்லிவருகிறேன்.

குணத்துக்கேற்ற வேலையும் அமைந்தது. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள். கடலோரத்துச் சின்ன ஈக்களை யாராவது படமெடுத்து அனுப்பினால், போனில் பெரிதாக்கி, இறக்கை நரம்பையும் கால் மயிரையும் பார்த்து இனம் சொல்வாள். படத்தோடு வரும் ஊர்ப் பெயரை மட்டும் நம்பமாட்டாள்.

மகள் சௌபர்ணிகாவுக்குப் பள்ளத்தூரிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் கார்த்திகேய சிவம். கடலோரப் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பேசி முடிப்பதாக ஏற்பாடு. வருங்கால மாமியாரை மகிழ்விக்க நினைத்த பையன், அந்த வாரம் நாளுக்கொரு ஈயாக அனுப்பினான். திங்கள் தொண்டி, செவ்வாய் மிமிசல், புதன் தேவிபட்டினம். ஒவ்வொன்றின் கீழும் ‘இன்று எடுத்தது’ என்று குறிப்பு.

இனம் சொல்வதில் சிக்கலில்லை. ஈரமணலில் பாசி மேயும் எள்ளளவு ஈ. ஆனால் தொண்டி ஈயின் இடது இறக்கையில் ஒரு கிழிசல். வலது நடுக்கால் பாதியில் முறிந்திருந்தது. மிமிசல் ஈ வேறு பக்கம் திரும்பி நின்றது. அதற்கும் அதே கிழிசல், அதே முறிவு. தேவிபட்டினத்து ஈக்கும் அப்படியே. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள். பிறகு கணவரையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து அவனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, மூணு ஊர்லயும் ஒரே ஈ நிக்கிதே. எந்த பஸ்ல கூட்டிட்டுப் போனீக?”

“அயித்தை... கம்பெனியை மூடி ஒரு மாசமாச்சு. எல்லாம் அதுக்கு முன்னாடி தொண்டியில ஒரே நாள்ல எடுத்தது. வேலை இல்லைன்னா பொண்ணு தரமாட்டீகன்னு...”

ஆச்சி மகளைப் பார்த்தாள். இவளுக்கு முன்பே தெரியுமோ? தெரியாது என்று சௌபர்ணிகா கண்கலங்கித் தலையாட்டியதையும் உடனே நம்பிவிடவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று மெய்யநாதன் எழுந்துவிட்டார்.

“உக்காருங்க. பொய் சொல்லிப் பழகுனவனா இருந்தா மூணு ஈயைத் தேடிப் படம் எடுத்திருப்பான். கேட்டதும் கொட்டிட்டானே. இவ்வளவு மட்டமாப் பொய் சொல்ற மாப்பிள்ளை நமக்கு எங்குட்டுக் கிடைப்பான்?”

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. வேலை கிடைத்த பிறகு பேசலாம் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அணைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டதாக அவன் படம் அனுப்பினான். படத்தை நம்புகிறவளா அவள்? சொல்லாமல் பஸ் ஏறிப் போய் வகுப்பறை ஜன்னலோரம் நின்றாள். கரும்பலகையில் ஒரு ஈ வரைந்துகொண்டிருந்தான். இறக்கை இரண்டும் முழுசு. கால் ஆறும் சரியாக இருந்தன. அதன்பிறகே நாள் குறித்தாள்.