எந்தச் சத்தம் பிடிக்கல?

முதலில் தண்ணீர், பிறகுதான் கேள்வி. வேன் வந்து நின்று என்ஜின் அடங்குவதற்குள் பிராகோ அம்மா பிளாஸ்டிக் குவளையோடு ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்துவிடுவார். குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். குவளையை வாங்கிக் கவிழ்த்து உதறிவிட்டுக் கேட்பார்: "இன்னைக்கு எந்தச் சத்தம் உனக்குப் பிடிக்கல?"

மாம்போங் என்ற ஊரில் எங்கள் வேன் நிலையத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் தலைவி. கனத்த சரீரம், ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒருநாளும் ஊதாத விசில். ஏன் ஊதுவதில்லை என்று கேட்டால், "ஊதினா பழகிடுவீங்க. தொங்கினாத்தான் பயப்படுவீங்க" என்பார். அவரிடம் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எஜுராவுக்கு இறங்கும் மலைச்சாலையில் வேன் ஓட்டினேன்.

முன்பெல்லாம் அவரும் மற்றவர்களைப் போல "எல்லாம் எப்படி?" என்றுதான் கேட்பாராம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பதில்தான்: "அமைதி." சாவுச் செய்தி கொண்டு வந்தவன்கூட முதலில் அமைதி என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பான். பெரியவர்கள் கேட்டவுடன் குறை சொல்வது மரியாதை இல்லை. அப்படித்தான் அசாரே என்ற ஓட்டுநர், பிரேக் சரியில்லாத வேனில் உட்கார்ந்துகொண்டு "அமைதி, ஆன்ட்டி" என்றான். இவரும் போகச் சொன்னார். மூன்றாவது வளைவில் வேன் பள்ளத்தில் இறங்கியது. பயணிகள் பிழைத்தார்கள், அசாரேவுக்கு வலது கால் போயிற்று. இப்போது ஊன்றுகோலோடு நிலையத்திலேயே டிக்கெட் கிழிக்கிறான். அவன் பொய் சொன்னான் என்று யாராவது சொன்னால் பிராகோ அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவன் மரியாதையாத்தான் பதில் சொன்னான். நான்தான் கேக்கத் தெரியாம கேட்டேன்."

ஒரு திங்கட்கிழமை. எஜுராவில் சந்தை. வேன் நிறைய ஆள், நிலைய வாசலில் அடுத்துக் கிளம்ப என் முறை. முறை தவறினால் அன்றைய பிழைப்பு போச்சு.

"எந்தச் சத்தம் பிடிக்கல, ஒபெங்?"

"உங்க செருப்புச் சத்தந்தான், ஆன்ட்டி."

வேனே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கதவை விட்டு நகரவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. பின்னால் ஹாரன் அலறியது. "சந்தை முடிஞ்சப்புறம் போயி என்ன, கிழங்குத் தோலையா வாங்குறது?" என்று ஒரு வியாபாரி கத்தினாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரேக்க மிதிச்சா ஒரு கீச்சு. பெடலும் உள்ள போகுது."

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பயணிகளை அடுத்த வேனில் ஏற்றிவிட்டு, விசிலைக் கழற்றி என் வேனின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். "ஒபெங் முறை இங்கயே இருக்கு. வண்டி சரியானதும் அவன்தான் முதல்ல. எவனாவது நடுவுல பூந்தீங்க, பல்லைப் பேத்துடுவேன்!"

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியபோது உள்பக்கமெல்லாம் பிரேக் ஆயில் வழிந்திருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது டெமா துறைமுகத்தருகே ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறேன். காலையில் முப்பது பேரிடம் "எல்லாம் ஓகேவா?" என்பேன், முப்பது ஓகே வரும். அப்போதெல்லாம் அந்த நிலையத்துப் புழுதியும் குவளைத் தண்ணீரின் ருசியும் நினைவுக்கு வரும்.

போன மாதம் மாம்போங் நிலையத்துக்குப் போயிருந்தேன். பிராகோ அம்மாவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"எல்லாம் எப்படி, ஆன்ட்டி?"

"அமைதி."

குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டு நான் கேட்டேன்: "எந்தச் சத்தம் பிடிக்கல?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிக்கெட் மேசைப் பக்கமிருந்து சிமென்ட் தரையில் அசாரேயின் ஊன்றுகோல் வரும் சத்தம் கேட்டது. டக், டக். பிராகோ அம்மா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தார்.