குத்தாலிங்கம் உப்புப் பார்ப்பதில்லை

குத்தாலிங்கம் பிள்ளை ஆட்டுக்கறி சமைப்பதில் கெட்டிக்காரர் என்று தென்காசியிலும் குற்றாலத்திலும் பெயர் வாங்கியவர். ஆட்டுக்கறி எப்படி ருசிக்கும் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது. பிறந்ததிலிருந்து சைவம். தன் கையால் சமைத்ததில் பாதியை அவர் நாக்கில் வைத்ததே இல்லை.

அவரை மகா சமையற்காரர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ரசத்தில் பெருங்காயம் எப்போதும் தூக்கலாக இருக்கும். சொன்னால் கேட்க மாட்டார். மகா மனிதர் என்றும் சொல்ல முடியாது. இலை நறுக்கத் தெரியாதவர்களைக் கண்டால் வாயில் வந்தபடி ஏசுவார். ஆனால் தான் உண்ணாததைப் பிறர் உண்பதற்காகக் கவனமெடுத்துச் சமைப்பது என்ற ஒரு காரியத்தை அவர் இருபத்தைந்து வருடம் முகம் சுளிக்காமல் செய்தார். யோசித்துப் பார்த்தால் அது எளிதல்ல.

சொந்த ஊர் பண்பொழி. அப்பா காலத்திலேயே வயல் கைவிட்டுப் போயிற்று. தென்காசியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் கரண்டி பிடித்துப் பழகி, 1941இல் குற்றாலத்தில் ஓர் எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் நாள் முதலாளி, "கறி சமைப்பீரா?" என்று கேட்டார். "சொல்லிக் குடுத்தா சமைப்பேன். ஆனா உப்புப் பாக்க மாட்டேன். அதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார் குத்தாலிங்கம். முதலாளி ஒப்புக்கொண்டார். செய்தி பண்பொழிக்கு எட்டியதும் அவர் அம்மா, ஊருக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்றாள். அவரும் அம்மா இருந்தவரை குளித்துவிட்டே போனார். வாதாடவில்லை.

ஏன் கறி தின்பதில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "தின்னு பழக்கமில்ல." உயிர்க்கொலை பாவம் என்று பேசியதில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் அது எதிரே உட்கார்ந்திருப்பவனின் இலையைக் குற்றம் சொல்வதில் போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது பேசச் சோம்பலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதாகவும் இருக்கலாம்.

உப்புப் பார்க்க வந்தவர்களில் கடைசி ஆள் அப்துல் மஜீது. தென்காசிக் கறிக்கடைக்காரர் ஒருவரின் மகன், ஆறடி உயரம். 1950 ஐப்பசியில் பங்களாவுக்கு வந்தார். கறி வெட்டுவது, வேகவைப்பது, உப்புப் போட்டு ருசி பார்ப்பது அவர் பொறுப்பு. மசாலா வறுப்பதும் அரைப்பதும் குத்தாலிங்கம். சைவ அடுப்புப் பக்கம் போகும்முன் மஜீது கையைச் சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவுவார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. குத்தாலிங்கத்துக்கே பொறுக்காது. "போதும் வே, தோல் உரிஞ்சு வந்திரும்" என்பார். உப்புக்கும் இரண்டு சட்டி வைத்துக்கொண்டார்கள், சைவத்துக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. அது மஜீதின் ஏற்பாடு.

மறு வருடம் மாசியில் முதலாளி பங்களாவை விற்றுவிட்டார். இருவருக்கும் வேலை போயிற்று. இனி யாரிடமும் போய் நிற்காமல் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை போடுவது என்று முடிவு செய்தார்கள். ஆசைக்கு ஏற்ற கட்டடமும் இருந்தது. குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், ஏசுதாசன் நாடாரின் கட்டடம் சும்மா பூட்டிக் கிடந்தது. நாடார் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். போய்க் கேட்டார்கள்.

"சைவமும் கறியும் ஒரே கடையிலயா? ரெண்டு கூட்டமும் வராமப் போயிரும் வே" என்றார் நாடார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனி மாசம் எம்மக சுகிர்தத்துக்கு நிச்சயம். குத்தாலத்துலதான் வைக்கேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க நாசரேத்து, அம்பது பேரு, எல்லாரும் கறி திங்கவங்க. மாப்பிள்ள பள்ளிக்கூடத்து வாத்தியாரு. அவரு கூட வேல பாக்க பன்னெண்டு பேரு சைவம். ரெண்டு பந்தியும் ஒண்ணா நடக்கணும். யாரும் மூக்கப் பிடிக்கக்கூடாது, யாரும் குறை சொல்லக்கூடாது. நடத்திக் காட்டுங்க. கட்டடத்தப் பத்திப் பொறவு பேசுவோம்" என்றார்.

குத்தாலிங்கத்துக்கு அப்போது வயது முப்பத்தாறு. இந்தக் கட்டடம் கிடைக்காவிட்டால் மறுபடியும் யாருடைய பங்களாவிலாவது கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டு நோன்பும் சாரலும் சேர்ந்து வந்தன. நிச்சயத்தன்று மஜீது நோன்பு. சாப்பாடோ பகல் ஒரு மணிக்கு. பங்களாவில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்த மாதங்களில் நோன்பு வரவில்லை என்பதால் இது சங்கடமாகும் என்று இருவருமே முன்கூட்டி நினைக்கவில்லை. சமைப்பவர் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் அசரத்து சொல்லியிருந்தார். மஜீதுக்கு அது ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்பது குத்தாலிங்கத்துக்கும் தெரியும். ஆனால் கேட்டால் மறுக்க மாட்டார் என்பதும் தெரியும். அதனால்தான் அவர் கேட்கவில்லை. மஜீதும் தன் பங்குக்கு வாயைத் திறக்கவில்லை.

வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்புறம் கீற்றுப் பந்தலில் சமையல். சாரல் சாய்வாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. இருபது ராத்தல் கறி கொதித்தது. பதினொரு மணிவாக்கில் குத்தாலிங்கம் வாழையிலைக் கட்டை எடுத்து வரப் போனார். திரும்பி வந்ததும் மஜீது காய்ந்த விறகு தேடிப் போனார். இவ்வளவுதான் நடந்தது.

பன்னிரண்டு மணிக்கு நாடாரின் மனைவி ரெபேக்காள் பந்தலுக்கு வந்தாள். "மணம் தூக்குது அண்ணாச்சி. ஒரு துளி குடுங்க, பாப்போம்" என்று உள்ளங்கையை நீட்டினாள். மஜீது அகப்பையிலிருந்து கொஞ்சம் விட்டார். நக்கிய வேகத்தில் அவள் முகம் கோணியது. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்து முக்கால்வாசி குடித்த பிறகுதான் பேச முடிந்தது.

"யாருய்யா உப்புப் போட்டது? தூத்துக்குடி உப்பளத்தையே கொண்டாந்து கவுத்திட்டீங்களா?"

"நாந்தாம்மா போட்டேன்" என்றார் மஜீது. "அளவாத்தான் போட்டேன். அண்ணாச்சி இலைக்குப் போன நேரம், நாலு கை."

குத்தாலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். "நீரு போட்டீரா?"

"ஆமா."

"நானும் நாலு கை போட்டேனே வே! நீரு விறகுக்குப் போன நேரம்! எஞ்சட்டியில இருந்து எடுத்துப் போட்டேன்!"

"நீங்க எதுக்கு அண்ணாச்சி போட்டீங்க? கறிக்கு உப்புப் போடுதது என் வேலைல்லா?"

"நீரு நோம்பு. உப்புப் போட்டா வாயில வச்சுப் பாக்கணும்னு தோணும். உம்ம அந்தச் சங்கடத்துல விடுவேனா? நீரு எத்தன கை போடுவீருன்னு பங்களாவுல அஞ்சு மாசம் பாத்தவன்தான."

"நான் போடாம விட்டா, கல்யாண வீட்டுச் சோறாச்சேன்னு நீங்க வாயில வச்சுப் பாத்திருவீங்களோன்னு பயந்துதான் நான் போட்டேன்."

ரெபேக்காள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணி எம்மக நிச்சயத்தக் கவுத்திட்டீங்களேய்யா!" என்றாள். தலையில் அடித்துக்கொள்ளப் போனவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "அவுகளுக்குத் தெரியதுக்குள்ள ஏதாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

இருவர் அளவும் சரிதான். சரியான இரண்டு அளவுகள் ஒரே சட்டியில் விழுந்ததுதான் கோளாறு. நல்லெண்ணம் வாயைத் திறந்து பேசவும் வேண்டும் என்பதற்கு இதைவிட உப்பான சான்று கிடைக்காது.

குழம்பில் பாதியை இறைத்துவிட்டு வெந்நீர் விடலாம். ஆனால் சாரம் போய்விடும். சரிக்கட்ட என்ன இருக்கிறது என்று குத்தாலிங்கம் சுற்றிலும் பார்த்தார். சைவப் பந்திக்குச் சொதி வைக்கப் பன்னிரண்டு தேங்காயின் பால் பிழிந்து வைத்திருந்தார். பக்கத்தில் உருளைக்கிழங்கு உப்பில்லாமல் வெந்து ஆறிக்கொண்டிருந்தது. சொதி என்பது திருநெல்வேலிச் சைவ வீட்டுக் கல்யாணங்களில் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து வைக்கும் குழம்பு. அது இல்லாத விருந்தை விருந்தென்றே ஒப்பாதவர்கள் உண்டு. பாலும் கிழங்கும் போனால் கறி பிழைக்கும். சொதி இருக்காது.

மஜீதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "அது அவங்க இலைக்கு உள்ளது."

"அதனாலதான் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, குத்தாலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார்.

சைவக்காரர்கள் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமையாசிரியர் சங்கரநாராயணன். குத்தாலிங்கம் எதையும் மறைக்கவில்லை. நான்கு கையும் நான்கு கையும் எட்டுக் கையான கதையைச் சொல்லிவிட்டு, "உங்க சொதிக்கு வச்ச பாலையும் கிழங்கையும் சேத்தா கறி பிழைச்சிரும் சார். ஆனா அது உங்களுக்கு உள்ளது. நீங்க சரின்னாத்தான் எடுப்பேன். இல்லன்னா நாடார்கிட்டப் போய்த் தப்ப ஒத்துக்கிடுதேன்" என்றார்.

பால்வண்ணநாதன் என்ற கணக்கு வாத்தியார்தான் முதலில் வாய் திறந்தார். "காலையிலருந்து வயித்தக் காயப்போட்டுட்டு அருவியில நின்னதே அந்தச் சொதிக்காகத்தான வே!"

"சொதி போனா வேற என்ன இருக்கு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"சாம்பார், அவியல், ரசம், வாழைக்காப் பொரியல், பாயாசம்."

"பால்வண்ணம், நீரு கணக்கு வாத்தியாருல்லா, இதக் கணக்குப் போட்டுப் பாரும். கறி கெட்டுப்போச்சுன்னா நாசரேத்துக்காரங்க அம்பது பேரும் நம்ம சாம்பாருக்குத்தான் வருவாங்க. பன்னெண்டு பேருக்கு வச்ச சாம்பார அறுபத்திரெண்டு பேருக்குப் பங்கு வச்சா உமக்கு எத்தன கரண்டி வரும்?" பிறகு குத்தாலிங்கத்தைப் பார்த்து, "ஊத்தும் வே, சீக்கிரம் ஊத்தும்! சொதிக்காக மாப்பிள்ளையோட நிச்சயத்த விட்டிரவா முடியும்?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. பால்வண்ணநாதனும் மனமில்லாமல் சிரித்தார்.

பந்தலில் குத்தாலிங்கம் பால் பாத்திரத்தைத் தூக்கிக் கறிச் சட்டியின் விளிம்பில் சாய்க்கப் போனார். மஜீது சட்டென்று தடுத்தார். "முட்டவிடாதீங்க, அது சைவப் பாத்திரம். எங்கிட்டக் குடுங்க."

"இப்ப அதுவா வே முக்கியம்? மணி என்ன ஆச்சு பாத்தீரா?"

"பாத்திரத்த அங்கன முட்டிட்டு, நாளைக்கு எதுல சமைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு மஜீது கையைக் கழுவி, பாத்திரத்தை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, அங்கிருந்து ஊற்றினார். பால் வெள்ளை நூலாக இறங்கியது. ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அவர் உயரத்துக்கு அன்றுதான் சரியான உபயோகம் கிடைத்தது என்று குத்தாலிங்கம் பின்னாளில் சொல்வதுண்டு. பிறகு கிழங்கைப் போட்டு ஒரு கொதி விட்டார்கள். ரெபேக்காள் வந்து மறுபடியும் உள்ளங்கையை நீட்டினாள். இந்த முறை தண்ணீர்ச் செம்பைத் தேடவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

கூடத்தின் இரண்டு ஓரங்களில் எதிரெதிராகப் பந்தி. மாப்பிள்ளையின் தாய்மாமா மூன்றாம் முறை கறி வாங்கிவிட்டு, "இது என்னய்யா கறி? பாலா மணக்குது, நாக்குல கரையுது. எங்க ஊருல இப்படிக் கண்டதில்லையே" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த குத்தாலிங்கம், "எதிர் வரிசைக்காரங்க குடுத்தது" என்று சொல்லி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். நாடார் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றது.

தாய்மாமா கழுவாத கையோடு எழுந்து நின்றார். "சார், உங்க சொதி எங்க இலையில இருக்கு!"

"ருசி எப்படி?" என்று கேட்டார் தலைமையாசிரியர். "நீங்கதான் சொல்லணும். எங்களுக்குத் தெரிய வழியில்லை."

"நூத்துக்கு நூறு சார்!"

"அப்போ எங்க பக்கம் பாஸ்."

"ஏ, நம்ம பங்குப் பாயாசத்த அந்த வரிசைக்கு விடுங்கப்பா! நமக்குக் கறி போதும்!" என்று தாய்மாமா கூவினார். பாயாச வாளி எதிர்வரிசைக்குப் போயிற்று. பால்வண்ணநாதன் நான்கு முறை வாங்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு நாடார் பந்தலுக்கு வந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள். "உப்பு விஷயத்துல இனி உங்க ரெண்டு பேரையும் நம்ப மாட்டேன்" என்றார். "நேராப் போய் அவங்ககிட்டச் சொன்னீரே, அதுக்காகத் தாரேன். கட்டடத்த எடுத்துக்கிடுங்க."

அந்தக் கடை பதினாறு வருடம் நடந்தது. தேங்காய்ப்பால் விட்ட கறியைக் கேட்டுச் செங்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சைவ இலைக்கும் கூட்டம் குறையவில்லை. 1967இல் முழங்கால் வலி வந்து குத்தாலிங்கம் பண்பொழிக்குத் திரும்பியபோது, கறிச்சோற்றின் ருசியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது மட்டுமே. அவருக்கு அதில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

கடை தொடங்குமுன் சுவர் கட்டிய நாளைச் சொல்லாமல் விட முடியாது. நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், சமையற்கட்டை இரண்டாகத் தடுக்கச் சுடலைமாடன் என்ற கொத்தனாரை நாடார் அனுப்பிவைத்தார்.

"சுவரு எதுக்கு?" என்றார் குத்தாலிங்கம். "மஜீத அந்தப் பக்கம் ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும். வேண்டாம்."

"வேணும்" என்றார் மஜீது. "என் அடுப்புப் புகை அண்ணாச்சி பக்கம் போகக்கூடாது. கூரை முட்டக் கட்டுங்க."

"புகை எனக்குப் பழக்கம் வே. பத்து வருசமா மோந்திட்டுத்தான் இருக்கேன்."

"உங்களுக்குப் பழக்கம். சாப்பிட வரவங்களுக்கு?"

"சுவரு கட்டினா உம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுதது எப்படி?"

"ஏ அண்ணாச்சிமாரே, சாந்து காயுது" என்றார் சுடலைமாடன். இருவரும் காதில் வாங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நூலை எடுத்துக் குத்தாலிங்கத்தின் தோளுயரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டுக் கல் வைக்க ஆரம்பித்தார். வாதம் நிற்கவில்லை, அங்குமிங்கும் நடந்து, கையை ஆட்டி, ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். சுவர் இடுப்பளவு வந்தபோதுதான் கவனித்தார்கள். கறி அடுப்புப் பக்கம் குத்தாலிங்கமும், சைவ அடுப்புப் பக்கம் மஜீதும் நின்றுகொண்டிருந்தார்கள்.

குத்தாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். மஜீது மறுபுறத்திலிருந்து கை கொடுத்தார். "பச்சச் சுவரு, ஏறாதீங்க வே!" என்று சுடலைமாடன் கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார்.